ஊசி வலிக்குமா, அப்பா?

(தாப்பாவில் நடைபெற்ற நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். சுலபமான காரியம் போலத் தோன்றும். ஆனால் என் சொந்த அத்தைக்கே என்னால் விளங்க வைக்க முடியவில்லை. "நான் சைக்காலஜிஸ்ட், அத்தை" என்று சொன்னதும், "அப்படின்னா தஞ்சோங் ரம்புத்தான்லயா வேலை? பொம்பளப் பிள்ளைக்கு வேற வேலை கிடைக்கலியா?" என்று கேட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பேராக் மாநிலத்தில் பிறந்த நாம் எல்லாரும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கேலி செய்து வளர்ந்தோம். 1911-ல் அங்கே தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை, உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்ற பெயரில் இன்றும் நோயாளிகளைக் கவனித்து வருகிறது. அங்கே வேலை செய்வது கௌரவமான வேலைதான். ஆனால் என் வேலை வேறு. காலொடிந்தோ, இளைப்பு வந்தோ, நீரிழிவு கண்டோ, இரத்தப் புற்றுநோய் வந்தோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பிள்ளைகளின் பயத்தையும் கவலையையும் கவனிப்பதுதான் என் வேலை. உடம்பை டாக்டர் பார்க்கிறார். அதே பிள்ளையின் மனத்தை நான் பார்க்கிறேன்.

இப்படி ஒரு வேலை எதற்கு என்று கேட்பீர்கள். என் கதையையே சொல்கிறேன்.

எனக்கு ஏழு வயது. நாங்கள் இருந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை. ஒரு நாள் மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. தோட்டத்து டிரசர் பார்த்துவிட்டு, "இது இங்க ஆகாது" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். அங்கே காலைத் தூக்கிக் கட்டி, எடை தொங்கவிட்டு, வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். அந்தக் காலத்து வைத்தியம் அது.

ஊசி போட வந்தபோது, "அப்பா, ஊசி வலிக்குமா?" என்று கேட்டேன். "சேச்சே, எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா, வலிக்கவே வலிக்காது" என்றார். வலித்தது. நன்றாகவே வலித்தது. பிறகு, "அப்பா கோப்பி வாங்கிட்டு வந்துடுறேன், அழாம இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குப் போட்டார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், விளக்கை அணைத்தார்கள். கோப்பி வரவில்லை.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் அழுகையை நிறுத்திவிட்டேன். மிஸ்ஸி என்னைத் தட்டிக் கொடுத்து, நல்ல பிள்ளை என்றார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் இரண்டு பஸ் மாறி வந்தபோது, நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா வாங்கி வந்த பிஸ்கட்டைத் தொடவில்லை.

அன்பார்ந்த பெற்றோர்களே, அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் அழுகையை நிறுத்திவிட்ட பிள்ளையை யார் கவனிப்பது? இந்தக் கேள்வியை லண்டன் தாவிஸ்டாக் மருத்துவமனையில் வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் கேட்டார். அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையை அவர் படம் பிடித்து, 1952-ல் வெளியிட்டார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் கதறும், பிறகு சோர்ந்து போகும், அதற்குப் பிறகு எதையும் கண்டுகொள்ளாதது போல இருக்கும். இந்த மூன்றாம் நிலையைத்தான் பெரியவர்கள் "பழகிடுச்சு, நல்ல பிள்ளை" என்று நினைத்தார்கள். அது தவறு என்று அவர் எடுத்துக் காட்டினார். முதலில் பல டாக்டர்கள் அவர்மேல் கோபப்பட்டார்கள். ஆனால் 1959-ல் பிரிட்டனில் வெளிவந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் வந்து பார்ப்பதற்குத் தடை போடக் கூடாது, சிறு குழந்தையோடு தாய் தங்க வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் குழந்தைகள் வார்டில் தாயோ மற்றொருவரோ கூட இருப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் சும்மா வந்துவிடவில்லை.

அமெரிக்காவில் 1896-லேயே லைட்னர் விட்மர் என்பவர் பிலடெல்பியா நகரில் உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். அங்கே வந்த முதல் பிள்ளை எழுத்துக்கூட்டி எழுத வராமல் கஷ்டப்பட்ட ஒரு மாணவன். 1967-ல் ஒக்லஹோமாவில் இருந்த லோகன் ரைட், குழந்தை மருத்துவத்தோடு சேர்ந்து வேலை செய்யும் உளவியலாளருக்கு என்னென்ன பயிற்சி வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். மறு ஆண்டு, 1968-ல், அத்துறைக்கென்று ஒரு சங்கமும் அமைந்தது. நான் படித்தது அந்தத் துறையைத்தான்.

இந்தப் பள்ளியில் ஆறாம் ஆண்டு, பிறகு புகுமுக வகுப்பு, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம்., இங்கே ஒரு பட்டம். அதன்பின் அமெரிக்காவில் முனைவர் பட்டம். அதற்கு ஐந்து ஆண்டுகளும், ஓராண்டு முழுநேர ஆஸ்பத்திரிப் பயிற்சியும். பணத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஆசிரியருக்கு உதவியாக வேலை செய்தால் செலவுக்கும் பணம் கொடுக்கிறார்கள். எனக்கும் அப்படிக் கிடைத்தது.

டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று, இனி ஊருக்கு வந்துவிடுவாள் என்று அப்பா எண்ணினார். "இன்னும் ரெண்டு வருசம் குழந்தைங்க ஆஸ்பத்திரியில பயிற்சி இருக்குப்பா" என்றேன். "பட்டம் வாங்குன பிறகு என்னம்மா பயிற்சி?" என்றார். "நீங்க மரம் வெட்டப் பழகினது எப்படிப்பா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே மரத்தில் கத்தி படக் கூடாது. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. எவ்வளவு ஆழம் என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. கையில் கத்தியைக் கொடுத்து, அனுபவமுள்ள ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பட்டத்துக்குப் பிந்திய பயிற்சி என்பதும் அப்படித்தான். ஓராண்டோ ஈராண்டோ, நீரிழிவுப் பிள்ளைகள், தீக்காயப் பிள்ளைகள், புற்றுநோய்ப் பிள்ளைகள் என்று வார்டு வார்டாகப் போக வேண்டும். காலையில் டாக்டர்களோடும் மிஸ்ஸிகளோடும் கட்டில் கட்டிலாகச் சுற்ற வேண்டும். நாம் பிள்ளையோடு பேசுவதை மூத்தவர் ஒருவர் பார்த்து, வாரந்தோறும் உட்கார்ந்து குறை நிறை சொல்வார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படிப் பயிற்சியை முடித்துத் தேர்வும் எழுதித் தேறினால்தான் தனியாகத் தொழில் செய்ய அனுமதி.

என் முதல் மாதத்தில் ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ஒரு பையனிடம் என்னை அனுப்பினார்கள். பெயரும் நோயும் சொல்ல மாட்டேன், அது எங்கள் தொழிலின் சட்டம். படித்ததையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். வெளியே வந்ததும் என் மூத்தவர், "நீ 19 கேள்வி கேட்டாய். அவன் இரண்டுக்குப் பதில் சொன்னான். நாளைக்குக் கேள்வி கேட்காமல் போ" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் சோப்புத் தண்ணீரும் ஒரு குழலும் எடுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்து குமிழி ஊதினேன். கொஞ்ச நேரத்தில் அவனும் வெளியே வந்து ஊதினான். மூச்சை மெதுவாக விட்டால்தான் குமிழி பெரிதாகும். மூச்சை மெதுவாக விடும்போது உடம்பின் விறைப்புத் தளரும், கவனமும் ஊசியை விட்டு விலகும். நாலாவது நாள் அவன் குமிழி ஊதிக்கொண்டே கையை நீட்டினான். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கையை இழுக்கவில்லை.

இந்தப் பயிற்சியில் நான் கற்றதில், வீட்டிலேயே செய்யக்கூடிய சிலவற்றைத் தோட்டத்துத் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊசி வலிக்குமா என்று பிள்ளை கேட்டால், "வலிக்கும், கொஞ்ச நேரந்தான், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லுங்கள். வலிக்காது என்று ஒருமுறை சொல்லி வலித்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் உண்மையையும் பிள்ளை நம்பாது.

"சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டாதீர்கள். நோய் வரும் நாளில் அதே டாக்டரிடம்தான் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும்.

வார்டை விட்டுப் போகும்போது, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை அழும், அழட்டும். எப்போது வருவேன் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் துண்டையோ கைக்குட்டையையோ கொடுத்துவிட்டுப் போங்கள்.

இளைப்புள்ள பிள்ளைக்கு டாக்டர் தினமும் இழுக்கச் சொன்ன பம்பை, மூச்சு நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பள்ளியில் சக மாணவர்கள் கேலி செய்வார்கள் என்று பம்பை ஒளித்து வைக்கும் பிள்ளைகள் உண்டு. மாணவர்களே, அப்படிக் கேலி செய்வது ஒரு நண்பனின் மூச்சோடு விளையாடுவதாகும்.

பிள்ளை நீண்ட நாள் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், பேய் பிடித்தது, செய்வினை என்று அலைய வேண்டாம். கோயிலுக்குப் போங்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரசாங்கக் கிளினிக்குக்கும் போய் டாக்டரிடம் விவரத்தைச் சொல்லுங்கள். தேவையென்றால் அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்.

கடைசியாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். வலி எவ்வளவு என்று சொல்லத் தெரியாத குழந்தைகளுக்காக, சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டை இருக்கிறது. 1980-களில் டோனா வோங், கோனி பேக்கர் என்ற இரு பெண்மணிகள் உருவாக்கியது. பிள்ளை எந்த முகத்தைத் தொடுகிறதோ, அவ்வளவு வலி. அது எந்த மொழிக்காரருக்கும் பயன்படும். ஆனால் வலி எப்படிப்பட்டது என்று கேட்டால் முகம் போதாது, சொல் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது", "கடுக்குது", "எரியுது", "பிசையுது" என்று ஒவ்வொரு வலிக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறது. மலாய் இன்னும் பழகாத ஐந்து வயதுப் பிள்ளை புது இடத்தில், புது முகத்தின் முன் 'சாக்கிட்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடும். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிடா கண்ணு வலிக்குது?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

அதற்கு என்னைப் போல அமெரிக்கா போக வேண்டும் என்பதில்லை. உளவியல் பட்டம் பெற்ற பின், மருத்துவ உளவியல் முதுகலைப் பட்டத்தை நம் நாட்டிலேயே படிக்கலாம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்தே அந்தப் படிப்பு இருக்கிறது, வேறு சில பல்கலைக்கழகங்களிலும் வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் மருத்துவ உளவியலாளர் என்ற தொழிலும் இடம்பெற்றுள்ளது. மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் படியுங்கள், அவையில்லாமல் இந்த வாசல் திறக்காது. தமிழை மறந்துவிட்டு வராதீர்கள், உள்ளே போன பிறகு அது தேவைப்படும்.

நான் அமெரிக்கா புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் அப்பா ஒரு விஷயம் சொன்னார். "அன்னிக்கு நான் கோப்பி வாங்கப் போகலம்மா. மறுநாள் வேலைக்குப் போகலைன்னா சம்பளம் இல்ல. சொன்னா நீ அழுவேன்னு பொய் சொல்லிட்டேன். கடைசி பஸ் வர்ற வரைக்கும் உன் வார்டு ஜன்னலுக்கு வெளியதான் நின்னேன்." அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்று தீர்ந்தது. அவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை.

உள்ளே போகும் முன், திரும்பி வரும் தேதியை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனேன். சொன்ன தேதியில் வந்தேன்.