செவியின் மூலவடிவம்

நாம் 'செவி' என்பதைக் கன்னடர் 'கிவி' என்பர். துளுவர் 'கெபி' என்பர். தொலைவிலுள்ள கொலாமியரும் 'கெவ்' என்பர். இவற்றுள் மூத்த ஒலி ககரமே. இகர எகரங்களின் முன் நின்ற ககரம் தமிழில் பல சொற்களில் சகரமாயிற்று. கன்னடத்துக் 'கிறு' நமக்குச் 'சிறு', பழங்கன்னடத்துக் 'கெய்' நமக்குச் 'செய்'.

ஆயின் கன்னடமும் எகரத்தை இகரமாக்கிற்று. மெய்யை அது காத்தது. உயிரைத் தமிழ் காத்தது. இரண்டும் இணைய, 'கெவி' எனும் மூலவடிவம் கிட்டுகிறது. குடகர் இன்றும் அவ்வாறே வழங்குகின்றனர்.

நம் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் இத்தகைய ஆய்வுக்கு வழிவகுத்தது. தமிழின் தொன்மையைப் போற்றும் நாம், எல்லாச் சொற்களிலும் தமிழ்வடிவே முதல்வடிவம் எனக் கொள்ளுதல் தகாது. உடன்பிறந்த மொழிகளுக்கும் செவிசாய்த்தால்தான் தமிழின் பழமை முழுதும் விளங்கும்.