வீடு திரும்ப ஒரு டயர்: டெய்லி கார்லயே ஆட்டோகிராஸ் போறவங்களுக்கு

பெருந்துறையில இருந்து பேசறேன். இந்த எபிசோட் எதுக்குன்னா, நமக்கு அடிக்கடி வர்ற ஒரு கேள்விக்காக. "ப்ரோ, வாரம் பூரா ஆபீஸ் போற கார்தான். ஞாயித்துக்கிழமை ஆட்டோகிராஸ் ஓட்டிப் பாக்கலாம்னு ஆசை. 17 இன்ச் அலாய் போட்டுரட்டுமா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போட்டுரலாங்க.

ஆட்டோகிராஸ்னா என்னன்னு புதுசா கேக்கறவங்களுக்கு: ஒரு காலி மைதானத்துல கோன் வெச்சு பாதை போட்டிருப்பாங்க. ஒவ்வொரு காரா உள்ள போகும். பக்கத்துல யாரும் ஓட்ட மாட்டாங்க, கடிகாரம் மட்டும்தான் எதிரி. ஒரு ரன் பெரும்பாலும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். கிடைக்கறது மூணோ நாலோ ரன். மொத்தமாக் கூட்டினா நாலஞ்சு கிலோமீட்டர் வந்தாலே அதிகம்.

ஆனா பெருந்துறையில இருந்து கோயமுத்தூர் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிட்டு வர கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர். அதுவும் என்.எச். 544-ல, சிப்காட் லாரிக்கும் கேரளா பஸ்ஸுக்கும் நடுவுல. அப்ப டயரை எதுக்காகத் தேர்ந்தெடுக்கணும்? அந்த அஞ்சு கிலோமீட்டருக்கா, இந்த 160-க்கா?

இதை நான் புத்தியா யோசிச்சுக் கண்டுபிடிக்கலைங்க. அடி பட்டுக் கத்துக்கிட்டதுதான்.

நம்ம ஊர்ப் பசங்களுக்கு இந்த ஆசை வர்றதுல ஆச்சரியமே இல்ல. செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல இருந்தே இருக்கு. 2005-ல ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயமுத்தூர்க்காரர். ஸ்டியரிங் பிடிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் உள்ளுக்குள்ள ஒரு ரேஸர் இருக்கான். எனக்குள்ளயும் இருந்தான். சில வருஷத்துக்கு முன்னாடி, என்னோட ஸ்விஃப்டுக்கு செகண்ட் ஹேண்ட்ல 17 இன்ச் அலாய் நாலு வாங்கினேன், 205/45 டயரோட. பட்டன் நல்லா இருந்துச்சு, வண்டியும் பாக்க சும்மா ஜம்முனு இருந்துச்சு.

போட்டியில பெருசா ஒண்ணும் கிழிக்கல. பிரச்சனை திரும்பி வரும்போதுதான். சாயங்காலம், லேசான மழை. செங்கப்பள்ளிகிட்ட சர்வீஸ் ரோட்டுல ஒரு குழி, தண்ணி நின்னதுல கண்ணுக்குத் தெரியல. 'டொம்'னு ஒரு சத்தம். வண்டி நேராத்தான் போகுதுன்னு நான் நிறுத்திப் பாக்கல. விஜயமங்கலம் டோல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இடது முன் டயர் வெடிச்சிருச்சு. பக்கத்து சீட்டுல என் மாமா பையன். ஸ்பீடு எழுபதுக்குள்ள இருந்ததாலயும், பின்னாடி லாரி எதுவும் ஒட்டிக்கிட்டு வராததாலயும் இன்னைக்கு இதைப் பேசிக்கிட்டு இருக்கேன்.

அடுத்த நாள் டயர்க்கடை அண்ணன் அந்த டயரைப் புரட்டி, பக்கவாட்டுல இருந்த நாலு நம்பரைக் காட்டினார். முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு எண் வருஷம். 2324-ன்னா 2024-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். என் டயருக்கு வயசு ஏழு. "ஏன் தம்பி, பட்டனைப் பாத்தியே, பொறந்த தேதியப் பாத்தியா?"ன்னு கேட்டார். வெயில்ல காஞ்ச ரப்பர் வெளிய பளபளன்னுதான் இருக்கும், உள்ள கெட்டிப்பட்டுப் போயிருக்கும்.

சரி, வயசு ஒரு காரணம். இன்னொரு காரணம் சைஸ். கம்பெனி டாப் வேரியன்ட் ஸ்விஃப்டுக்குக் கொடுக்கறது 185/65 ஆர்15. 185 மில்லிமீட்டர் அகலம், அதுல 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், அதாவது 120 மில்லிமீட்டர். நான் போட்ட 205/45-ல அது 92 தான். ரெண்டு டயரோட மொத்த விட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 620 மில்லிமீட்டர் பக்கம். அதனால ஸ்பீடோமீட்டர் ஒழுங்காத்தான் காட்டும். ஆனா குழியில விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற மெத்தை 28 மில்லிமீட்டர் குறைஞ்சு போச்சு. அடி விழுந்ததும் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவுல பக்கச்சுவர் நசுங்கி, உள்ள இருக்கிற நூல் அறுந்துரும். அப்புறம் வீக்கம், அப்புறம் வெடிப்பு.

கவனிங்க, பெரிய ரிம் கிரிப் கொடுக்காது. கிரிப் கொடுக்கறது ரப்பர். ரோட்டைத் தொடறது ஒவ்வொரு டயர்லயும் ஒரு உள்ளங்கை அளவு இடம்தான். பெரிய ரிம் பெரும்பாலும் எடையும் கூட. ஆட்டோகிராஸ்ல நிமிஷத்துக்குப் பத்துத் தடவை பிரேக் பிடிச்சு மறுபடி வேகம் எடுக்கணும். அங்க கனமான வீல் உங்களுக்கு எதிரி.

அப்ப என்ன வாங்கறது? ரெண்டு வழி சொல்றேன்.

முதல் வழி, ஒரே செட். முதல் வருஷம் ஓட்டறவங்க எல்லாருக்கும் இதுதான் என் சிபாரிசு. கம்பெனி ரிம்மை மாத்தாதீங்க. 14 இன்ச் வேரியன்ட் வெச்சிருக்கீங்க, 165/80 ஆர்14 டயர் இருக்குன்னா, அதே காரோட டாப் வேரியன்டுக்குக் கம்பெனியே கொடுக்கற 15 இன்ச் அளவுக்குப் போங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணியிருக்கு. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நேரத்துல இந்தப் பேச்சு வரும். கம்பெனி அளவுக்குள்ளயே இருந்தா தலைவலி கம்மி. ரிம்முல மிச்சம் பிடிச்ச காசை நல்ல, புது, மழையில நிக்கற டயர் நாலுக்குப் போடுங்க.

டயர்க்கடையில கேக்க வேண்டியது மூணு. ஒண்ணு, அந்த நாலு நம்பர். 2020 ஜூன்ல மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்த்துச்சு. வெளிநாட்டு டயர் 'ஆஃபர்ல' கிடைக்குதுன்னா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க. ரெண்டு, லோடு இன்டெக்ஸ். கம்பெனி 88 கொடுத்திருந்தா, ஒரு டயர் 560 கிலோ தாங்கும்னு அர்த்தம். அதுக்குக் கீழ போகவே கூடாது. மூணு, ட்ரெட்வேர் எண். கம்மியா இருந்தா ரப்பர் மென்மையா இருக்கும், பிடிப்பும் கூட, ஆனா சீக்கிரம் தேயும். அமெரிக்காவுல ஆட்டோகிராஸ் ஸ்ட்ரீட் வகுப்புல 200-க்குக் கீழ அனுமதியே இல்ல. தினமும் ஆபீஸ் போற காருக்கு 300, 400 பக்கம் இருந்தா ரெண்டு வேலைக்கும் ஒத்துவரும்.

ரெண்டாவது வழி, ரெண்டு செட். நாலஞ்சு நிகழ்ச்சி ஓட்டி, நம்ம நேரத்தை இழுக்கறது டயர்தான், டிரைவர் இல்லன்னு உறுதியா தெரிஞ்சதுக்கு அப்புறம் மட்டும். அப்பவும் அதே 15 இன்ச் தான். பழைய ஸ்டீல் டிஸ்க் நாலு தேடிப் பிடிங்க. அழகு கிடையாது. ஆனா அடி பட்டா வளையும், கோட்டம் எடுத்துக்கலாம். அலாய்ல கிராக் விட்டா வெல்டிங் வெச்சு ஓட்டற வேலையே வேண்டாம், தூக்கிப் போட்டுருங்க. வேற அலாய்தான் வேணும்னா போல்ட் அளவு மட்டும் பாத்தாப் பத்தாது. ஸ்விஃப்டுக்கு 4×100, நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர். கடையில வர்ற அலாய்ல ஓட்டை பெரும்பாலும் பெருசா இருக்கும். ஹப் ரிங் போடலைன்னா ஸ்டியரிங் ஆடும். ஆஃப்செட்டும் பாருங்க, இல்லைன்னா முழுசா திருப்பும்போது உள்ள உரசும்.

இன்னொண்ணு, தளம். நம்ம நாட்டுல நிறைய ஆட்டோகிராஸ் மண் தரையிலதான் நடக்குது. அங்க இந்தக் கதையே மாறும். பட்டன் ஆழமா, பக்கச்சுவர் உயரமா இருக்கற டயர்தான் ராஜா. மெல்லிசான டயரைக் கூரான கல்லு கிழிச்சிரும். நிகழ்ச்சி மண்ணா தாரான்னு பேர் கொடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதி இருக்கான்னும் கேளுங்க.

கடைசியா காத்து. காசே செலவில்லாத டியூனிங் இதுதான். டயர் ஓரத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. ஒரு ரன் முடிஞ்சதும் பாருங்க. கோடு பக்கச்சுவர் வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து கம்மி, ரெண்டு பி.எஸ்.ஐ. ஏத்துங்க. ஓரத்துல அழியவே இல்லைன்னா காத்து அதிகம், ரெண்டு இறக்குங்க. எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க.

அப்புறம் எல்லாம் முடிஞ்சு, கோப்பை வந்தாலும் வரலைன்னாலும், கிளம்பறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எடுத்துக்கோங்க. டோர் ஃப்ரேம்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கற அளவுக்குக் காத்தைக் கொண்டு வாங்க. நாலு டயரோட உள்பக்கமும் வெளிப்பக்கமும் கையால தடவிப் பாருங்க, வீக்கம் இருக்கான்னு. பட்டன் 1.6 மில்லிமீட்டர் அடையாளத்தைத் தொட்டுருச்சுன்னா அந்த டயரோட ஆயுசு முடிஞ்சுதுன்னு வைங்க, மழை வந்தா அது தண்ணி மேல மிதக்கும். வீல் கழட்டி மாட்டியிருந்தா நட்டை எதிரெதிரா முடுக்கி, அம்பது கிலோமீட்டர் போனதும் இன்னொரு தடவை முடுக்குங்க.

அன்னைக்கு செங்கப்பள்ளியில நான் வண்டியை நிறுத்தி இந்தத் தடவிப் பாக்கற வேலையைச் செஞ்சிருந்தா, ஸ்டெப்னி மாத்திட்டு வீட்டுல ராச்சோறு சாப்பிட்டிருப்பேன். என் மாமா பையன் இப்பவும் அந்த டோல் வந்தா சீட் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பாத்துக்கறான். அவன் கேலி பண்றதா நினைச்சேன். இல்லைங்க.

டயர் வாங்கப் போறீங்கன்னா அந்த நாலு நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, சேர்ந்து பாக்கலாம். அடுத்த எபிசோட்ல பிரேக் பேடு பத்திப் பேசுவோம். பத்திரமாப் போயிட்டு வாங்க மக்களே.