குதிகால் வலி: சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்

(தோட்டக் கிளைத் தலைவர்கள், மாதர் அணியினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் கால் வலியைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். மலை ஏற முடியாதவருக்கு நிறுவையில் கிலோ குறைகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். ஆகவே இதுவும் நம் சம்பளப் பிரச்சினைதான்.

குதிகால் வலி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் முக்கியமாக இரண்டு உண்டு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் ஆணி குத்துவது போல் வலித்தால், அது பெரும்பாலும் உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டையின் கோளாறு. குதிகாலின் பின்பக்கம் தடித்து வலித்தால், அது கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநார். கூடையோடு சரிவில் ஏறும்போது குதிகால் கீழிறங்கி இந்த இரண்டும் இழுபடுகின்றன.

எக்ஸ்ரேயில் “எலும்பு வளர்ந்திருக்கிறது” என்றதும் நாம் பயந்துவிடுகிறோம். வலியே இல்லாத பலருக்கும் அந்த எலும்பு முள் இருக்கிறது. அதை வெட்டினால் எல்லாம் சரியாகும் என்று எண்ண வேண்டாம்.

உள்ளங்கால் வலி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கத்தி வைக்காமலே குணமாகிறது. ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். எழுவதற்கு முன் கால்விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, மெத்தென்ற அடியுள்ள செருப்பு ஆகியவை உதவும். பின்பக்க வலிக்கு சுவீடன் வைத்தியர் ஹோகன் அல்பிரட்சன் 1998இல் ஒரு பயிற்சியை வெளியிட்டார். படியில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். தடவைக்கு 15 வீதம் மூன்று சுற்று, முழங்கால் நீட்டியபடியும் மடக்கியபடியும், நாளுக்கு இரு வேளை, 12 வாரம். லயத்து வாசற்படியே இதற்குப் போதும். வலி எலும்போடு நார் சேரும் இடத்தில் என்றால், படியில் செய்யாமல் சமதரையில் செய்ய வேண்டும்.

ஊசி போட்டால் உடனே சுகம் என்று கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீரொய்ட் ஊசியால் நார் பலவீனப்பட்டு அறுந்துபோகவும் கூடும்.

ஆறு மாதம், ஒரு வருடம் முறையாகச் செய்தும் குறையாவிட்டால்தான் சத்திரசிகிச்சை. உள்ளங்கால் பட்டையில் ஒரு பகுதியை மட்டும் வெட்டித் தளர்த்துவார்கள். முழுவதையும் வெட்டினால் பாதத்தின் வளைவு சரிந்துவிடலாம். கெண்டைத்தசை இறுகியிருந்தால் அதை நீளமாக்குவதும் உண்டு. அக்கிலிஸ் நாரில் கெட்டுப்போன பகுதியை அகற்றுவார்கள். அதிகம் அகற்ற வேண்டியிருந்தால், பெருவிரலை மடக்கும் நாரை எடுத்து இணைப்பார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் காயம் ஆறத் தாமதமாகும். அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் ‘படார்’ என்று தெறித்து, கால் நுனியில் நிற்க முடியாமல் போனால், நார் அறுந்திருக்கலாம். தைலம் தேய்த்துப் பார்க்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குப் பணம் இல்லை. நமக்குச் செலவு வருவது அதற்குப் பிறகுதான். அக்கிலிஸ் சத்திரசிகிச்சை செய்தவர் சில வாரங்கள் காலை ஊன்ற முடியாது. கடும் வேலைக்குத் திரும்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். அதுவரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? இந்தப் பயத்தால்தான் நம் பெண்கள் கிளினிக் துண்டை மடித்து வைத்துவிட்டு மலைக்குப் போகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் நிர்வாகத்திடம் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். கிளினிக் நாளில் பேர் வெட்டக் கூடாது. வைத்தியர் இலகு வேலை என்று எழுதினால், சரிவில்லாத இடத்தில் முழுப்பேருக்கு வேலை தர வேண்டும். கொழுந்து மலைக்கு ஏற்ற பாதணி வேண்டும்.

வைத்தியரிடம் போகும்போது, “கால் வலி” என்று மட்டும் சொல்லாமல், சுமையோடு சரிவில் எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்றும் சொல்லுங்கள். இலகு வேலைக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, ஒரு பிரதியைத் தலைவரிடம் கொடுங்கள். கையில் கடிதம் இருந்தால்தான் துரையிடம் நாம் பேச முடியும்.