கடற்கரை நகரில் நாம் காண வேண்டியவை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஸ்ரீராம்புரத்தில் வாழும் நமக்குக் கடல் இல்லை. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலே குடியமர்ந்துவிட்டோம். ஆயினும், இரவு ரயிலிலே கண்ணயர்ந்தால் விடியற்காலையிலே சென்னையில் இறங்கிவிடலாம். நம்மிற் பலர் ஆண்டுதோறும் இறங்கவும் செய்கின்றோம். எதற்காக? உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக. தியாகராய நகரிலே துணி எடுப்பதற்காக. மண்டபத்திலே உண்டு, கடையிலே களைத்து, மறுநாள் வண்டி ஏறிவிடுகின்றோம். சென்னையில் என்ன கண்டாய் என்று பிள்ளைகளைக் கேட்டால், வெயிலைத் தவிர வேறொன்றும் சொல்ல அறியார். இக்குறை பிள்ளைகளுடையதன்று, நம்முடையது.

சென்ற கோடை விடுமுறையிலே, திருமணம் முடிந்தபின் மேலும் இரண்டு நாள் தங்குவதென்று முடிவு செய்து, எம் பேரனுடன் சென்னையைச் சுற்றி வந்தோம். அந்த இரண்டு நாளில் கண்டதையும் கற்றதையுமே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

முதற்கண், கதிரவன் எழுமுன் மெரினாவிற்குச் செல்லுங்கள். கீழ்க்கடல் ஆதலால் நீருக்குள்ளிருந்து ஞாயிறு எழுவதைக் காணலாம். 1884ஆம் ஆண்டில் ஆளுநர் கிராண்ட் டஃப் இக்கடற்கரையில் உலாவுவதற்குச் சாலை அமைத்து, 'மெரினா' என்னும் பெயரையும் சூட்டினார். அலையிலே கால் நனைக்கலாம். நீராட மட்டும் இறங்கலாகாது. அங்கே நீரோட்டம் வலியது. நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துச் சென்றுவிடும்.

பின்னர், வடபுறத்திலே உள்ள உழைப்பாளர் சிலையை அடையுங்கள். நால்வர் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க முயலும் காட்சி அது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959இல் நிறுவப்பெற்றது. எம் பேரன் அண்ணாந்து பார்த்து, "தாத்தா, இவங்க என்ன சாமி?" என்று கேட்டான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மினர்வா ஆலையிலும் பின்னி ஆலையிலும் உழைத்த தமிழர்களின் வியர்வையால் வளர்ந்த குடும்பங்கள் நம்மிலே எத்தனை! அந்த ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. ஆலைச் சங்கொலியைக் கேட்டு விழித்தெழுந்த பாட்டன்மாரைப் பற்றி நாம் வீட்டிலே பேசுவதும் நின்றுவிட்டது. ஆகவே அவனை அமர்த்திச் சொன்னோம். சென்னைப் பெரம்பூரிலும் பின்னி நிறுவனத்தின் ஆலைகள் இருந்தன. அத்தொழிலாளருக்காகவே 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தனர். 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தின விழாவை நடத்தியதும் சென்னைக் கடற்கரையிலேதான். "இவர்கள் சாமி அல்லர், கண்ணே! உன் பாட்டனுக்குப் பாட்டனைப் போன்றவர்கள்" என்றோம். அவன் அந்தக் கைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து தென்திசை நோக்கி நடந்தால், 1968 சனவரியில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவிய சிலைகளைக் காணலாம். திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன் முதலியோருடன், கடல் கடந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், கால்டுவெல், போப்பையர் ஆகியோரும் நிற்கின்றனர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த போப்பையர் நம் பெங்களூரில், பிஷப் காட்டன் பள்ளியின் தலைமையாசிரியராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அங்கேதான் நாம் நாணி நின்றோம். ஒரு பீடத்தின் எழுத்தைக் காட்டி, "படி" என்றோம். கன்னடமும் ஆங்கிலமும் கடகடவெனப் படிக்கும் பேரன் விழித்தான். இத்தாலியிலிருந்து வந்தவர் கற்ற எழுத்தை, நம் வீட்டிலே பிறந்தவன் அறியவில்லை. அவனுக்கு யார் கற்பித்தோம்? ஊருக்குத் திரும்பியதும் மாலைதோறும் அரைமணி நேரம் அவனுடன் அமர்ந்தோம். இப்பொழுது எழுத்துக் கூட்டிப் படிக்கின்றான். நீங்கள் புறப்படுமுன்பே அதைத் தொடங்கிவிடுங்கள். பீடங்களிலே படிக்கலாம் என்னும் ஆவலே பிள்ளைகளைக் கற்கச் செய்யும்.

கடற்கரைச் சாலையிலேயே விவேகானந்தர் இல்லம் உள்ளது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென 1842இல் எழுந்த கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அருகில் திருவல்லிக்கேணியிலே, பாரதியார் இறுதிநாளில் வாழ்ந்த வீடு நினைவில்லமாக விளங்குகின்றது. மறுநாள் எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். 1851இல் தொடங்கிய அங்கே, சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அருகில் நின்று காணலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள்.

இறுதியாக, பெங்களூரிலிருந்து செல்வோர் தவறாது காண வேண்டிய இடம் ஒன்றுண்டு. அது கடற்கரையில் இல்லை. அயனாவரத்துப் பூங்காவில் உள்ளது. அல்சூர் ஏரிக்கரையிலே 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்றதை நாம் அறிவோம். நான்கு நாள் கழித்து, 13ஆம் நாள், கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை அயனாவரத்திலே திறக்கப்பெற்றது. இரு மாநில முதல்வர்களும் இரு விழாக்களிலும் கலந்துகொண்டனர்.

அச்சிலையின் முன் நாம் வாய் திறக்கவில்லை, பேரனே பேசினான். பள்ளியிலே கற்ற சர்வக்ஞரின் மூவடிப் பாடல்களைக் கன்னடத்தில் ஒப்புவித்து, அவற்றின் பொருளைத் தமிழிலே நமக்குச் சொன்னான். பூங்காவில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "எந்த ஊர் தம்பி?" என்று வினவினார். "ஸ்ரீராம்புரம்" என்றான், தலை நிமிர்ந்து.

அன்பர்களே! அடுத்த முறை சென்னைக்குச் செல்லும்பொழுது திரும்பும் பயணச்சீட்டை இரண்டு நாள் தள்ளி எடுங்கள். துணி பெங்களூரிலும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டியது அந்த இரண்டு நாளே.