இந்தியா, மலேசியா, ஒரு எண்ணெய்க் கணக்கு

நான் போட்ட ஒரு தப்பான கிராஃப்ல இருந்து இன்னைக்கு ஆரம்பிக்கலாம்.

ஐ.நா.வோட உணவு, வேளாண்மை அமைப்பு 1961-ல இருந்து ஒவ்வொரு நாட்டோட உணவுக் கணக்கையும் வெச்சிருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை அதுல இருந்து எண்ணெய் டேட்டாவை டவுன்லோட் பண்ணி, இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் 'உள்நாட்டு சப்ளை' கோடு போட்டேன். இந்தியா மேலே மேலே போகுது, மலேசியா எங்கேயோ கீழே. பெருமையா அப்பாகிட்ட காட்டினேன். அவர் பார்த்துட்டு, "அப்புறம் ஏண்டா தாத்தா மல்லாட்டை போடுறதை விட்டாரு?"ன்னு கேட்டார். எங்க ஊர் திண்டிவனம் பக்கம். நிலக்கடலைக்கு அங்க அதான் பேரு. அந்த நிலத்துல இப்போ சவுக்கு நிக்குது.

தப்பு டேட்டால இல்ல, நான் அந்தக் காலத்தோட விளக்கத்தைப் படிக்காததுல. (காலம்னா எக்செல் காலம். டாக்குமென்டேஷன் படிக்காத இன்ஜினியர், புதுசா என்ன?) உள்நாட்டு சப்ளைன்னா உள்நாட்டுல விளைஞ்சதுன்னு நினைச்சுட்டேன். ஆனா அது உற்பத்தி, கூட இறக்குமதி, கழித்தல் ஏற்றுமதி, அப்புறம் கையிருப்புல வந்த மாற்றம். அதாவது நாட்டுக்குள்ள எவ்வளவு எண்ணெய் இருந்ததுன்னு சொல்லும். யார் நிலத்துல இருந்து வந்ததுன்னு சொல்லாது.

சரின்னு உற்பத்தியையும் இறக்குமதியையும் தனித்தனியா பிரிச்சேன். கதையே மாறிடுச்சு.

முதல்ல இந்தியா. 1986-ல எண்ணெய் வித்துகளுக்குன்னு மத்திய அரசு ஒரு தொழில்நுட்ப மிஷன் ஆரம்பிச்சது. நல்ல விதை, ஆதரவு விலை, கூடவே இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. அப்போ வருஷத்துக்கு சுமார் 1.1 கோடி டன் வித்து விளைஞ்சது, பத்தே வருஷத்துல அது ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. மஞ்சள் புரட்சின்னு பாடப் புத்தகத்துல ஒரு வரில படிச்சிருப்பீங்க. 90-களோட தொடக்கத்துல நாம சாப்பிட்ட எண்ணெய்ல கிட்டத்தட்ட எல்லாமே இங்க விளைஞ்சதுதான்.

1994-ல பாமாயிலை 65 சதவீத வரியோட யார் வேணும்னாலும் இறக்குமதி பண்ணலாம்னு கதவு திறந்தது. 1998-க்குள்ள அந்த வரி 15 சதவீதத்துக்கு வந்துடுச்சு. நாலே வருஷம். அதுக்கப்புறம் கிராஃப்ல இறக்குமதிக் கோடு ராக்கெட். இன்னைக்கு நாம சாப்பிடுறதுல பாதிக்கு மேல வெளிநாட்டு எண்ணெய். 2022-23-ல மட்டும் சுமார் 1.6 கோடி டன்.

மலேசியா நேர் எதிர். அங்க முதல் வணிகத் தோட்டம் 1917-ல சிலாங்கூர்ல வந்தது, ஆனா ரொம்ப நாளைக்கு ரப்பர்தான் ராஜா. ரப்பர் விலையை மட்டும் நம்பி இருக்க முடியாதுன்னு 60-கள்ல செம்பனைக்குத் திரும்பினாங்க. எண்ணெய்ப் பனைக்கு மலேசியத் தமிழர்கள் வெச்ச பேரு அது, என்ன அழகா இருக்குல்ல? நிலமில்லாத குடும்பங்களைக் குடியமர்த்த 1956-ல ஃபெல்டான்னு ஒரு அமைப்பு வந்தது, அதுவும் பெரிய அளவுல செம்பனை நட்டது.

எனக்குப் பிடிச்ச பகுதி ஒரு வண்டு. செம்பனையோட பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்க மகரந்தம் சேர்க்கிற வண்டு மலேசியால கிடையாது. அதனால தோட்டத் தொழிலாளர்கள், அதுல தமிழர்களும் நிறைய, கையாலேயே மகரந்தம் போட்டுட்டு இருந்தாங்க. 1981-ல கேமரூன்ல இருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டாங்க. அந்தக் கைவேலை தேவையில்லாம போச்சு. 1980-ல சுமார் 25 லட்சம் டன்னா இருந்த பாமாயில் உற்பத்தி 2000-ல ஒரு கோடியைத் தாண்டிடுச்சு. மூணரைக் கோடி பேர்கூட இல்லாத நாடு, அதனால பெரும்பகுதி ஏற்றுமதி. என் முதல் கிராஃப்ல மலேசியா கீழே கிடந்ததுக்குக் காரணம் இதுதான்.

இப்போ, இறக்குமதிதான் தாத்தாவை விரட்டுச்சுன்னு சொல்றது ஈஸி. எனக்கு முழுசா ஒப்புதல் இல்ல. ஒரு ஹெக்டேர் செம்பனைல மூணு, நாலு டன் எண்ணெய் வரும். மானாவாரி மல்லாட்டைல ஒரு டன் வந்தாலே அதிசயம். இன்னொண்ணு, ரேஷன் கடைல 25 ரூபாய்க்கு பாமாயில் கிடைச்சதாலதான் எங்க வீட்டுல மாசக் கடைசியிலயும் வடை சுட்டாங்க. அதை மறந்துட்டு மரச்செக்கு எண்ணெய் பத்தி லெக்சர் அடிக்க எனக்கு வாய் வரலை.

ஆனா விலை யார் கையில இருக்குங்கிறது வேற கேள்வி. 2020 ஜனவரில மலேசியப் பிரதமர் மகாதீர் நம்ம அரசை விமர்சிச்சதும், எந்த நாட்டோட பேரையும் சொல்லாம சுத்திகரிச்ச பாமாயில் இறக்குமதியை இந்தியா கட்டுப்படுத்துச்சு. அடி விழுந்தது மலேசியாவுக்கு. அப்போ பிடி நம்ம கையில இருந்த மாதிரி தெரிஞ்சது. 2022 ஏப்ரல் 28, பக்கத்து நாடான இந்தோனேசியா, உலகத்துலயே அதிகமா பாமாயில் எடுக்கிற நாடு, ஏற்றுமதியை நிறுத்துச்சு. மூணரை வாரம்தான். ஏற்கெனவே உக்ரைன் போரால சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைஞ்சிருந்த நேரம். அந்த மாசம் மளிகை பில் எப்படி இருந்ததுன்னு உங்க அம்மாகிட்ட கேளுங்க.

புது கிராஃபை அப்பாவுக்கு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்தது. ராத்திரி போன் பண்ணி, "94-ஆ? அதுக்கப்புறம் நாலஞ்சு வருஷம் தாத்தா போட்டாருடா. கட்டுப்படியாகலை"ன்னார்.