காலாள் முடிவாட்டமும் கணினியின் தீர்ப்பும்



இன்று சதுரங்கம் பயிலும் பிள்ளைகள் ஐயம் எழுந்தவுடன் கணினியைக் கேட்கின்றனர். அது காட்டும் எண்ணே முடிந்த தீர்ப்பாகி விடுகின்றது. 1997ஆம் ஆண்டில் ‘டீப் புளூ’ என்னும் கணினி காஸ்பரோவை வென்றதை அறிந்தோர்க்கு இந்நம்பிக்கை வியப்பன்று. ஆயினும் நம்புமுன் சோதித்தல் வேண்டும். அதற்கேற்ற உரைகல், அரசர்களும் காலாட்களும் மட்டுமே எஞ்சிய முடிவாட்டமாகும். அங்கே ஒரு நகர்த்தலின் பலன் பத்துப் பதினைந்து நகர்த்தல்களுக்கு அப்பாலும் மறைந்திருக்கும்.

1901ஆம் ஆண்டில் வெளிவந்த லாஸ்கர் – ரைக்ஹெல்ம் நிலையைப் பலகையில் அடுக்குவோம். வெள்ளை அரசன் ஏ1. காலாட்கள் ஏ4, டி4, டி5, எப்4. கறுப்பு அரசன் ஏ7. காலாட்கள் ஏ5, டி6, எப்5. வெள்ளையின் முறை. அரசனை பி1இல் வைத்தால் வெற்றி. வேறெங்கு வைத்தாலும் வெற்றி நழுவும்.

கணினி பி1 என்றவுடன் மெச்சிவிடலாமா? ஆகாது. காலாட்கள் யாவும் அடைபட்டு நிற்பதால் ஏ2, பி1, பி2 என மூன்றே வழிகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்றில் ஒரு முறை விடை சரியாகும்! மேலும், வெள்ளைக்கு ஒரு காலாள் தொடக்கத்திலேயே அதிகம். ஆதலின் மதிப்பெண் அந்த ஒரு காலாளின் அளவைக் கடந்து உயர்கின்றதா என்பதையே நோக்குதல் வேண்டும். ஒரே நிலையைப் பல வழிகளால் அடையலாமாகையால், முன் ஆராய்ந்ததை நினைவுப் பட்டியலிற் பதிந்துகொள்ளும் நிரல் இவ்விடையை விரைவிற் காணும். அஃதில்லாத நிரல் கணக்கிட்டதையே திரும்பத் திரும்பக் கணக்கிட்டு இளைக்கும்.

இரண்டாவது சோதனை சிறியது. வெள்ளை அரசன் எப்5, காலாள் இ4. கறுப்பு அரசன் டி4, காலாள் இ5. யாருடைய முறையோ அவரே தோற்பார். ‘என் முறையை விட்டுக்கொடுத்தாலும் நன்மை குன்றாதெனின், மேலே ஆராய வேண்டியதில்லை’ என்னும் குறுக்குவழியைப் பல நிரல்கள் கையாளுகின்றன. நகர்த்த நேர்வதே தீங்காகும் இவ்விடத்தில் அக்குறுக்குவழி ஏமாற்றும். எனவே வெள்ளையின் முறையாக ஒரு தடவையும், கறுப்பின் முறையாக ஒரு தடவையும் கொடுத்துப் பார்த்தல் வேண்டும்.

இன்னுமொன்று. அரசர்கள் உட்பட ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்கு முழு விடை தரும் அட்டவணைகள் இன்று உள்ளன. அவற்றை இணைத்து வைத்துச் சோதித்தால், எழுதிவைத்த விடையை வாசிக்கும் திறனையே அளந்தவராவோம். சோதிக்கும்போது அவற்றை அகற்றி வைத்தல் நன்று.

இளைஞர்களே! கணினியை ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. அதன் விடையைக் கேட்குமுன் அரைமணி நேரம் பலகையின் முன் நீங்களே சிந்தியுங்கள். கேட்டபின் அதன் காரணத்தைத் தேடுங்கள். காரணம் அறியாது ஏற்ற விடை, அடுத்த ஆட்டத்தில் நமக்குத் துணை வராது.