முன்னே ஓடும் அணி வேண்டும்



2023 ஆகஸ்ட் 4. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி, இந்தியாவுக்கு எதிரே ஜப்பான். அன்று நமக்கு 15 பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. கோலானது ஒன்றே ஒன்று. ஆட்டம் 1–1 என்று டிராவில் முடிந்தது.

டிரா ஆனதில் எனக்கு வருத்தமில்லை. ஆடிய விதம்தான் மனதை வாட்டியது. எதிரணி தன் பாதிக்குள் ஒதுங்கி அடைத்து நின்றுவிட்டால், நம் பின்கள வீரர்கள் பந்தை இடமும் வலமுமாகத் தங்களுக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒருவர் கோலுக்கு முன்னுள்ள ‘டி’ வட்டத்துக்குள் நுழைந்து எதிராளியின் காலைத் தேடுவார். காலில் பட்டால் பெனால்டி கார்னர். கோலுக்கு அடிக்கும் ஆசையைவிட கார்னர் வாங்கும் ஆசையே பெரிதாகத் தெரியும்.

பெனால்டி கார்னரை நான் குறைத்துச் சொல்லவில்லை. பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள, ‘டி’க்கு வெளியே ஒருவர் அதை அசையாமல் நிறுத்த, இன்னொருவர் உடம்பு முழுவதையும் வளைத்து மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக், கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் அருமையான கலை. ஹர்மன்பிரீத் சிங் அதில் உலகத் தரம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த 15 கோல்களில் 10 அவருடையவை. அவரை நினைத்தால் பெருமை. மீதி ஐந்துதான் அத்தனை பேருக்கும் என்பதை நினைத்தால் கவலை. அவருடைய வீச்சு தடுக்கப்படும் நாளில் நாம் என்ன செய்வோம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தைப் பார்க்க எழும்பூர் வருவது எளிதல்ல. ஷிஃப்டை மாற்றிக் கேட்டு, பூந்தமல்லி வழியாகப் பஸ் பிடித்து வரவேண்டும். அந்தத் தொழிற்சாலைகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து உழைக்கும் இளைஞர்கள் நிறைய. சுந்தர்கர், சிம்டேகா மாவட்டங்கள் ஹாக்கியின் விளைநிலங்கள். அந்தப் பக்கத்துப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இந்திய அணி வீரர் அமித் ரோஹிதாஸ் எங்கள் ஊர் என்பார்கள். மூங்கில் கழியை வைத்து ஆடப் பழகியவர்கள் அவர்கள். பந்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தால் அவர்கள்தான் முதலில் பொறுமை இழப்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

நம் அணிக்கு வேகம் தெரியாதா? தெரியும். அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஆகஸ்ட் 12 அன்று, மலேசியாவிடம் பாதி நேரத்தில் 1–3 என்று பின்தங்கியிருந்தோம். 45ஆவது நிமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல்கள், 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்தது. 4–3, கோப்பை நமதாயிற்று. எல்லோரும் கொண்டாடினார்கள், நானும்தான். ஆனாலும் ஒரு கேள்வி விடவில்லை. கழுத்தில் கத்தி வைத்தால்தான் இந்தக் கால்கள் ஓடுமா? முதல் பாதியில் இவர்கள் எங்கே இருந்தார்கள்?

அதற்கு முந்தைய நாள் அரையிறுதியில் பதில் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன் டிரா செய்த அதே ஜப்பான். இப்போது 5–0. மன்பிரீத் சிங் பந்தோடு எதிராளிகளை ஒவ்வொருவராகத் தாண்டி உள்ளே போய், மன்தீப் சிங்குக்குக் கொடுத்து வந்த கோல் இன்னும் கண்ணில் நிற்கிறது. புல்தரை போய் செயற்கைத் தளம் வந்ததோடு டிரிப்ளிங் செத்துவிட்டது என்பவர்கள் அந்த ஒரு கோலைப் பார்க்க வேண்டும். 1980 மாஸ்கோவில் நம் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றதும் செயற்கைத் தளத்தில்தான்.

அந்த அரையிறுதியின் கடைசிக் கோல் கார்த்தி செல்வத்துடையது. அரியலூர்ப் பையன், கோவில்பட்டியில் பயின்றவர். நிமிடம் 51, இந்தியா ஏற்கெனவே 4–0 என்று முன்னிலை. பந்தைப் பின்னால் சுற்றவிட்டு மிச்ச நேரத்தைக் கடத்தியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் முன்னே ஓடினார்கள். அந்த அணியைத்தான் ஒவ்வோர் ஆட்டத்திலும், முதல் நிமிடத்திலிருந்தே நாங்கள் கேட்கிறோம்.